முத்துப்பேச்சியின் எண் 2990

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்கு மலையில் கிடைக்கவில்லை. நிரல் எழுதும்போது எந்த எழுத்துக்கு என்ன எண் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'ம' அடித்தேன், 2990 என்றது. 'ச' 2970. 'ம' இவ்வளவு பின்னாலா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கதை எழுதுவது என் கெட்ட பழக்கம்.

2

போடிமெட்டு மலைமேல் மேகம் தவழ்ந்து— (கோடு போட்டு அடித்துவிட்டேன். எல்லார் கதையிலும் இதே மேகம்தான் தவழ்கிறது.)

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் கண்ணுச்சாமியின் ஜீப்பில், டிரைவர் பக்கத்துச் சீட்டு ஒன்றே ஒன்று. துண்டையோ தூக்குவாளியையோ முதலில் எறிந்தவருக்கு அது சொந்தம். பெரும்பாலும் முத்துப்பேச்சியின் துண்டுதான் விழும். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வளைவுக்கு வளைவு வாந்தி. தோட்டத்தில் இறங்கிக் காய் எடுக்க முடியாமல் சுருண்டுவிடுவாள். இன்னொரு நாள் அப்படிக் கிடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியாயிற்று.

"அந்தச் சீட்டுக்கு அக்கா பேருல பட்டாவா போட்டுருக்கு?" என்றான் ஜக்கையன்.

(இவனை வில்லனாக்கத்தான் நினைத்தேன். ஆள் நெட்டை, பின்சீட்டில் முழங்கால் மடங்காது என்று தெரிந்ததும் மனசு வரவில்லை.)

3

கண்ணுச்சாமி பஞ்சாயத்தைக் கல்லூரியில் படிக்கும் மகள் தமிழ்செல்வியிடம் தள்ளினார். அவள் ஒரு செயலி செய்தாள். முந்தின சாயங்காலம் அவரவர் பெயரை அவரவரே அடிக்க வேண்டும். முதல் எழுத்தின் எண் யாருக்குச் சின்னதோ அவருக்கு முன்சீட்டு.

செல்லக்கிளி 2970. ஜக்கையன் 2972. பொன்னுமணி 2986. முத்துப்பேச்சி கடைசி.

(முறை வைத்து மாறி மாறி உட்காரலாமே என்கிறீர்கள். உட்காரலாம். நான் வேறு கதை தேட வேண்டியிருக்கும்.)

அன்று சாயங்காலமே முத்துப்பேச்சி தமிழ்செல்வியிடம் வந்துவிட்டாள். அவளுக்குப் பயம், நிஜமான பயம்.

"ஏந்தாயி, எல்லாத்தையும் விடச் சின்ன நம்பரு எந்த எழுத்துக்கு?"

"தமிழ்ல 'அ' தான் அத்தை, 2949. ஆனா எழுத்தே இல்லாம வெத்து எடம் விடுறோம்ல, அதுக்கு இன்னும் சின்னது. வெறும் முப்பத்திரண்டு."

"வெத்து எடத்துக்குமா நம்பரு?"

"ஆமத்தை."

முத்துப்பேச்சி கைபேசியை எடுத்தாள். தன் பெயரை அடிக்குமுன், எழுத்துகளுக்குக் கீழே வெற்றிடம் விடும் நீளக் கட்டையை ஒரு தட்டுத் தட்டினாள். பெயருக்கு முன்னால் துண்டு போட்டாயிற்று.

4

விடிந்ததும் அவள் முன்சீட்டில். கண்ணுச்சாமி கைபேசியைப் பார்த்தார்.

"உம் பேரு மட்டும் ஏன் கொஞ்சம் தள்ளி நிக்குது?"

"மலையேறப் போறவண்ணே. மூச்சு விட்டுக்கிட்டேன்."

தமிழ்செல்விக்குப் புரிந்துவிட்டது. பெயருக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தை வெட்ட நிரலில் ஒரே ஒரு வரி போதும். அவள் அந்த வரியை

(இரண்டு முறை எழுதி அழித்தேன். வெட்டினால் முத்துப்பேச்சியின் வேலை போகும். வெட்டாவிட்டால் நாளை ஜக்கையனும் மூச்சு விடுவான்.)

அந்த வரியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். மேலே இடம் விட்டிருக்கிறேன். அவசரமில்லை. நீங்கள் முடிக்கும்வரை ஜீப்பு ஏறிக்கொண்டிருக்கும். முத்துப்பேச்சி முன்சீட்டில் இருப்பாள்.