ஏழாவது டப்பா

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, பசுபதி அதை அமெரிக்காவுக்கு வந்து செய்தான். நியூ ஜெர்ஸியில், பிரிட்ஜ்வாட்டரில் அவன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கிழவர் காலமாகி, அவருடைய சாமான்களையெல்லாம் விற்றார்கள். மற்றவர்கள் சோபாவும் நாற்காலியும் வாங்கிப்போக, இவன் துருவேறிய ஏழு தகர டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்தான். உள்ளே நூறு வருஷத்துக்கு முந்தைய செய்திப்படச் சுருள்கள்.

மீனாக்ஷியிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கராஜில் ஏற்கெனவே மூன்று பழைய ரேடியோவும் ஓடாத ஒரு டைப்ரைட்டரும் கிடந்தன. இன்னொரு குப்பை உள்ளே வந்தால் தான் வெளியே போய்விடுவதாக அவள் சொல்லியிருந்தாள். அதனால் வெறும் டப்பாதான், ஆணி போட்டு வைக்க என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னான். மகள் தீக்ஷாவுக்கு மட்டும் உண்மை தெரியும். பன்னிரண்டு வயசு, ரகசியம் என்றால் அவளுக்கு வெல்லக்கட்டி.

மீனாக்ஷி கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பதுங்குகுழியில் சிப்பாய்கள். மூழ்கும் கப்பலிலிருந்து கயிற்றில் இறங்கும் ஆட்கள். ஏழாவது டப்பாவில் ஓர் ஆகாய விமானம், குச்சியும் துணியுமாக, இரண்டடுக்கு இறக்கையோடு, தரையை விட்டு எழும்பப் பார்க்கும். பசுபதிக்கு அதுதான் உயிர். விரல் படாமல் பிடி, மடங்காமல் பிடி என்று அவளைப் படுத்தி எடுப்பான். பிள்ளை அதைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்ளும்?

டிசம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. வீட்டிலிருந்து முக்கால் மணி தூரத்தில், பார்சிப்பனி ஆபீஸில் இருந்தவனுக்கு ஒரு போன் வந்தது. சுருள்களை அவன் போட்டோ எடுத்து அனுப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, பழைய சினிமாப் படங்களைக் காக்கும் காப்பகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஃபிலிம் பிசுபிசுக்கிறதா, பழுப்பாகப் பொடி உதிர்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் குரல் மாறிப்போயிற்று. அது நைட்ரேட் ஃபிலிம், வெடிமருந்துக்குப் பங்காளி, பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயும் எரியும், கிட்டத்தில் ஒரு தீக்குச்சி கூடக் கூடாது என்றாள். உடனே தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள்.

போனை வைத்தவன் திரையைப் பார்த்தான். கால் மணி நேரம் முன்னால் மீனாக்ஷி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கராஜில் ஏழு டப்பாக்களும் வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் ஓர் அகல் விளக்கு. கீழே எழுதியிருந்தாள்: "இன்னிக்கு குப்பைக் கார்த்திகை. உங்க குப்பைக்கும் விளக்கு வெச்சாச்சு!"

கார்த்திகைக்கு மறுநாள் குப்பைமேட்டுக்கும் விளக்கு வைப்பது அவள் வீட்டு வழக்கம். இங்கே குப்பைமேட்டுக்கு எங்கே போவாள்? புருஷன் சேர்த்த குப்பைதான் கிடைத்தது. வெறும் டப்பா என்று நம்பித்தானே வைத்தாள்.

பசுபதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். மீனாக்ஷியின் நம்பரை அழுத்தினான். எடுத்தது தீக்ஷா. அம்மா பொரி உருண்டை கொடுக்க தெருக்கோடி விஷாகா ஆன்ட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள், போனை இங்கேயே வைத்துவிட்டாள் என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? வெளியே ஓடு என்று சொல்ல வேண்டும். பாவி, இவன் வாயில் முதலில் வந்தது வேறு.

"டப்பா! கராஜ்ல டப்பா மேல விளக்கு இன்னும் எரியுதா?"

"யெஸ், அப்பா. ஸோ ப்ரெட்டி."

"ஐயோ, அது பத்திக்கும்டி! ஃபிலிம் எல்லாம் போயிடும்..."

"ஓ நோ. டோன்ட் வொரி, அப்பா. ஐ வில் சேவ் தெம்."

டக்கென்று போனை மேஜைமேல் வைக்கும் சத்தம். வேண்டாம், போகாதே என்று ஆபீஸே அதிரக் கத்தினான். வெறுங்கால்கள் தடதடவென்று ஓடுவது கேட்டது. கராஜ் கதவைத் திறந்தால் வீட்டில் இரண்டு தடவை பீப் அடிக்கும். அடித்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

பக்கத்து சீட்டு நஞ்சுண்டனிடம் வீட்டு விலாசத்தைச் சொல்லி, அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காருக்கு ஓடினான். லைனைத் துண்டிக்க மனசு வரவில்லை. 287-ஆம் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. கார் ஸ்பீக்கரில் வீட்டின் மௌனம். ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. தீக்ஷா, தீக்ஷா என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினான். பெருமாளே, குழந்தையை மட்டும் விட்டுவிடு, டப்பா நாசமாய்ப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டான். எவ்வளவு சீக்கிரம் வந்த ஞானம் பாருங்கள்.

திடீரென்று தூரத்தில், வாசல் பக்கமிருந்து, மீனாக்ஷியின் அலறல். மகளின் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை. பிறகு புகைக்கு அடிக்கும் அலாரம் வீல் வீலென்று கத்தத் தொடங்கியது. அத்தோடு லைன் அறுந்துபோயிற்று.

மீதி இருபது நிமிஷத்தை அவன் எப்படி ஓட்டினான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. தெரு முனையிலேயே சிவப்பு விளக்குகள் சுழன்றன. அவன் வீட்டு டிரைவ்வேயின் நடுவே ஏதோ ஒன்று கொழுந்துவிட்டு எரிந்தது. தீயணைப்புக்காரர்கள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா தள்ளி நின்றார்கள். தண்ணீருக்கு அடங்காத நெருப்பை என்ன செய்ய முடியும்? காரை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினான்.

வீடு நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் புல்தரையில், போர்வை சுற்றி, மீனாக்ஷியின் மடியில் தீக்ஷா. மூக்கிலும் கன்னத்திலும் கரி. வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. பசுபதி முட்டி போட்டு உட்கார்ந்தான். காலைத் தொட்டுப் பார்த்தான், முகத்தைத் தொட்டுப் பார்த்தான்.

விளக்குகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு டப்பாக்களை வெளியே தூக்கிப்போனதாக தீக்ஷா சொன்னாள். ஆறு டப்பா பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. கடைசி டப்பாவின் மேல் எண்ணெய் சிந்தியிருந்தது. பாதி வழியில், தரையிலிருந்த விளக்கின் சுடர் பட்டுப் பற்றிக்கொண்டது. அவள் அதைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடாமல் வாசல்வரை கொண்டுவந்திருக்கிறாள். கோலத்தின் மேல் வந்து விழுந்தவளை மீனாக்ஷிதான் பிடித்து இழுத்தாளாம்.

"ஐ காட் சிக்ஸ், அப்பா," என்றாள் தீக்ஷா. உதடு துடித்தது. "பட் த ஏரோப்ளேன் ஒன்... ஐயாம் ஸாரி. ஆர் யூ மேட் அட் மீ?"

பசுபதி நிமிர்ந்தான். மீனாக்ஷி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் டப்பா என்றீர்களே என்று கேட்கவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"கேக்கறா இல்ல," என்றாள். "பதில் சொல்லுங்க."