பெயர்ச்சீட்டு இல்லாத டிஸ்க்

1

இந்தக் கதை கஞ்சத்தனத்தில் பிறந்தது. என்னுடையதல்ல, ஃபோல்க்மாருடையது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கணினியில் லினக்ஸ் என்ற புது சிஸ்டத்தை ஓட்டும் எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன். ஒரே தேயிலைப் பையில் மூன்று கோப்பை டீ போடுவான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி கொட்டிய அந்தக் காலையில், ஒரு டிஸ்க் தன் பெயரைத் தேடி..."

வேண்டாம். டிஸ்க் எதையும் தேடாது, அதுபாட்டுக்குக் கிடக்கும்.

2

அதே மெயின்ஃப்ரேமில் பழைய சிஸ்டமும் ஓடுகிறது. அது, அதைப் பார்த்துக்கொள்ளும் குட்ருனின் ராஜ்ஜியம். லினக்ஸுக்கு டிஸ்கைத் தயார் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்றில், பழைய சிஸ்டத்துக்கும் புரிகிற பெயர்ச்சீட்டை டிஸ்கின் தொடக்கத்தில் எழுதிவைப்போம். அது படித்துப் பார்த்து ஒதுங்கிப்போகும். இன்னொன்று லினக்ஸுக்கு மட்டுமே புரியும், பழைய சிஸ்டத்தின் கண்ணுக்கு வெறும் டிஸ்க்தான். சீட்டுக்கு ஆகும் துளியூண்டு இடம் மிச்சமாகும் என்று ஃபோல்க்மார் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டான்.

(முதல் வரைவில் குட்ருனை வில்லி ஆக்கியிருந்தேன். மனசு கேட்கவில்லை. திங்கள்தோறும் எனக்குப் ப்ளம் கேக் கொண்டுவருபவள்.)

3

பெருக்கும் வாரம் என்ற பலகை உங்கள் கதவில் தொங்கினால் மாடிப்படியை நீங்கள் பெருக்கியே ஆகவேண்டும். எங்கள் ஊர் அப்படி. குட்ருன் அதில் ஒன்றை மெயின்ஃப்ரேம் அறையிலும் மாட்டிவிட்டாள். அவள் முறை வந்தது. பெயரில்லாத டிஸ்க் எல்லாம் குப்பை என்று துடைக்க ஆரம்பித்தாள்.

எங்கள் டிஸ்கில் ஓய்வூதியக் கணக்கின் மூன்று மாத வேலை இருந்தது. நகல் இல்லை. நகலுக்கும் இடம் ஆகுமே! அது போனால் நிர்வாகம் லினக்ஸையே மூட்டைகட்டிவிடும். நான் கத்தியதும் ஃபோல்க்மார் ஓடிவந்தான்.

"குட்ருன், கைய எடு! அது என்னோடது!"

"எங்க எழுதியிருக்கு? பேரைக் காட்டு."

"உள்ளதான் இருக்கு. உன் சிஸ்டத்துக்குப் படிக்கத் தெரியல."

"வாசல்ல பேரே போடாம உள்ள உக்காந்துகிட்டு, லெட்டர் வரலன்னு தபால்காரனைத் திட்டுவியா நீ?"

ஃபோல்க்மார் இறங்கிவந்தான். "தப்பு என்னோடதுதான். மூணு மாச வேலை, குட்ருன். விட்டுடு." அவன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது.

"சரி. இனிமே எல்லா டிஸ்குக்கும் சீட்டு போடுவியா?"

"எல்லாத்துக்குமா? இடம்..."

குட்ருன் என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா, திருந்துற ஜென்மமா இது? நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, நீயே சொல்லு. அழிக்கவா, வேணாமா?"

4

திரையில் பழைய சிஸ்டத்தின் கேள்வி நிற்கிறது: டிஸ்கை அழிக்கவா? யூ அழுத்தினால் அழியும், டி அழுத்தினால் நிற்கும்.

நான் நியாயம் சொல்ல முடியாது. ஆபீஸ் நேரத்தில் எழுதிய இந்தக் கதையும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது.

ஆகவே நீங்களே அழுத்துங்கள். யூ என்றால், நீங்கள் இப்போது படித்தது நான் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியது. ஓட்டைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டி என்றால் இதுதான் அசல், ஓட்டைகளுக்கு என்னைத் திட்டலாம்.

கொஞ்சம் சீக்கிரம். ஃபோல்க்மார் மூச்சைக்கூட மிச்சம் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.