ஊறுகாய்க் கல்

"அப்பா பந்தர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருக்காருன்னா, அவர் செருப்பு ஏன் இங்கேயே கிடக்குது?"

ஐந்து வயது யாசீன் இதைத் தாயிடம் கேட்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தூபாவிடம் கேட்டான். டிராக்டர் கவிழ்ந்து அவன் அப்பா ரஹ்மத் இறந்து பதினோராம் நாள் அது.

ஊர்ச் சுகாதார நிலையத்துக்குத் தூபா ஒருத்திதான். தடுப்பூசி போடுவதும் பிள்ளைகளை எடை பார்ப்பதும் அவள் வேலை. சாவு விழுந்த வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் அவள் வேலைதான். அவள் யாசீனிடம் பொய் சொல்லவில்லை; அம்மாவைக் கேட்கலாம் என்று மட்டும் சொன்னாள். உள்ளே வந்து, தெருவில் எவனாவது சொல்லிக் கேட்பதைவிட உன் வாயால் கேட்கட்டும் என்று அவன் தாய் மாஹ்ருக்கிடம் தணிந்த குரலில் சொன்னாள். பிறகு யாசீனையும் ஒன்றரை வயது ஹுஸ்னாவையும் எடை பார்த்து அட்டையில் எழுதிக்கொண்டாள்.

மாஹ்ருக்கின் கண் அந்தப் பேனாவை விட்டு அகலவில்லை.

காரணம் இருந்தது. ஏழாம் நாள் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஹல்வா கொடுத்து முடிந்ததும் மாமனார் ஹாஜி சஃப்தர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்: தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குத் தாத்தாதான் பொறுப்பு, பிள்ளைகள் வாடினால் நீதிபதியிடம் சொல்லித் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்வார். தூபாவின் தம்பியோ ஹாஜியின் குங்குமப்பூ வயலில் வேலை செய்பவன். பக்கத்து வீட்டு இஃபத் வேறு ஊதிவிட்டாள்.

"அவ பேனாவுக்கு மை ஹாஜி வீட்டுலேர்ந்து வருதுடி. மூணு வருஷமா துக்கக் கறுப்பைக் கழட்டாம வீடு வீடா ஏறி இறங்குறாளே, நல்ல சேதி கொண்டுவர்ற உடுப்பா அது?"

அதற்குப் பிறகு தூபா வரும்போதெல்லாம் மாஹ்ருக் தேநீர் கொடுத்தாள், வார்த்தை கொடுக்கவில்லை. பையன் தூங்குகிறானா என்ற கேள்வியிலும் பொறி இருப்பதாகப் பட்டது. தூபாவின் பார்வை மாவுப் பானைமேல் பட்டால் அதற்கும் கணக்கு எழுதப்படுவதாகப் பட்டது. கேட்டால், நன்றாகச் சாப்பிடுகிறான் என்றாள் மாஹ்ருக். யாசீன் சாப்பிடவில்லை. தன் ரொட்டியில் பாதியை அப்பாவுக்கென்று துணியில் சுற்றி வைப்பான். மீதியையும் மெல்லாமல் வாசலில் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். அட்டையில் அவன் எடைக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது.

தூபா வரும் நான்காம் செவ்வாய்க்கிழமை மாஹ்ருக் ஊறுகாய் ஜாடியைத் திறந்து, காயை அமுக்கி வைத்திருந்த இரண்டு கற்களை எடுத்துக் கழுவினாள். யாசீனின் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டு, பையின் வாயைத் தைத்தாள்.

எடைக்கருவி முள் தாராளமாக நகர்ந்தது. தூபா முள்ளைப் பார்த்தாள், பையனின் கழுத்தெலும்பைப் பார்த்தாள். அவன் சட்டையை மெதுவாகக் கழற்றி மடித்து மாஹ்ருக்கின் மடியில் வைத்துவிட்டு, மறுபடி எடை பார்த்தாள். உள்ளதை எழுதினாள்.

"புளிப்பு நல்லா ஏறியிருக்கு, கல்லே மணக்குது. ஜாடியிலேயே இருக்கட்டும் தங்கச்சி. அவன் அப்பாவுக்காகக் காத்துக்கிட்டிருக்கான். காத்திருக்கறவனுக்குத் தொண்டையில என்ன இறங்கும்?"

 எல்லாம் முடிந்தது என்று மாஹ்ருக் நினைத்தாள். சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. காலில் விழுந்தாவது அட்டையை வாங்கிவிட வேண்டும் என்று சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். அதன் வாசலில் மாமனாரின் செருப்பு கிடந்தது.

தூபா அவர் ஆள் என்று நினைத்தது சரிதான். சன்னலுக்கடியில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

ஹாஜி அட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். நீதிபதிக்குக் காட்ட வேண்டுமாம்.

"அது அம்மா கையில தர்ற அட்டை, ஹாஜி. வேற யாருக்கும் தர்றதில்ல."

"உன் தம்பி யார் வயல்ல நிக்கிறான்னு நினைப்பு இருக்கா?"

"அவன்தான் உங்க வயல்ல நிக்கிறான். நான் நிக்கல."

 பேரன் தேய்கிறானா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார் ஹாஜி. குரல் உடைந்திருந்தது.

"தாத்தாவா கேட்டா ஒண்ணு சொல்றேன். பிள்ளைங்களை இடம் மாத்தினா இன்னொரு சாவு மாதிரிதான். உங்க மகனைப் பத்திப் பேச பேரனுக்கு ஒரு ஆள் வேணும். போய்ப் பக்கத்துல உட்காருங்க."

மாஹ்ருக் வந்த வழியே திரும்பினாள். மறுநாள் காலையில் அவளே தூபாவுக்கு ஆள் அனுப்பினாள். யாசீனோடு மூவருமாகக் கல்லறைக்குப் போனார்கள். அப்பா இறந்ததைத் தாய் சொன்னாள், தூபா பையனின் முதுகில் கை வைத்திருந்தாள். யாசீன் வெகு நேரம் மண்ணைப் பார்த்தான். "அப்போ செருப்பு வேண்டாமா அவருக்கு?" என்றான். வேண்டாம் என்றதும் அழுதான். அன்று முன்னிரவில், சுற்றி வைத்திருந்த ரொட்டியைப் பிரித்து அவனே தின்றான்.

நாற்பதாம் நாள் ஹாஜி வந்தார். துக்க வீட்டுக்காரர் கறுப்பைத் தாமாகக் கழற்றுவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வண்ணத் துணி கொண்டுவர வேண்டும். சிறு பூப்போட்ட பச்சைத் துணியை மருமகள் முன் வைத்தார்.

"பிள்ளைங்க உன்கிட்டயே இருக்கட்டும், மகளே. நான் அப்பப்ப வந்து உட்கார்ந்துட்டுப் போறேன்."

அந்த வருடக் குங்குமப்பூப் பறிப்புக்குத் தூபாவின் தம்பியை மட்டும் அவர் கூப்பிடவில்லை. மனிதர் அவ்வளவு தூரம்தான் வந்திருந்தார். தூபா அதை யாரிடமும் சொல்லவில்லை. மாஹ்ருக்குக்கு இஃபத் வாயால் தெரிந்தது. தூபாவின் கணவனும் தாயும் ஒரே குளிர்காலத்தில் இறந்துபோனார்கள் என்பதும், கறுப்பைக் கழற்ற வண்ணத் துணி கொண்டுவர அவளுக்கு ஒருவரும் இல்லாததும் அப்போதுதான் தெரிந்தது. வீடு வீடாகப் போகிறவள் வீட்டுக்கு மூன்று வருடமாக யாருமே போகவில்லை.

மாஹ்ருக் பச்சைத் துணியைச் சரிபாதியாக வெட்டினாள். வெள்ளிக்கிழமை, நிலையம் பூட்டியிருக்கும் நாள். ஊர் தொழுகையில் இருந்தது. பாதித் துணியை மடித்துத் தூபாவின் வீட்டு வாசற்படியில் வைத்தாள். காற்று பலமாக இருந்தது. அதனால் இடுப்பில் செருகி வந்திருந்த ஊறுகாய்க் கற்கள் இரண்டையும் எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வீட்டுக்குப் போனாள்.