பழைய பெட்டிக்குள் புதுச் சாவி

சாட்சிகளை ஒளித்துவைக்கும் அலுவலகத்தில், அவர்களுடைய விலாசக் கோப்புகளைச் சங்கேதமாக்கி அனுப்புவது அவன் வேலை. அதனால் எல்லோருக்கும் அவன் 'பூட்டு'. குவாண்டம் கணினி வந்தால் இப்போதைய பூட்டுகளெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்று சுற்றறிக்கை வந்தது. மூன்று மாதம் மாரடித்து அத்தனைக்கும் புதுப் பூட்டு மாட்டினான். மேலாளர் மனமுருகிப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். அதில் வேறொருவர் பெயர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தின் இணைப்பிலிருந்து இரண்டு வருடமாக எவனோ நகல் எடுத்துக்கொண்டிருப்பது தெரியவந்தது.

"எடுத்தா எடுத்துட்டுப் போறான்" என்றார் மேலாளர். "திறக்க முடியாதே. பொட்டியைத் தலையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"உக்காந்திருக்கத்தான் சார் எடுத்திருக்கான். குவாண்டம் வர்ற வரைக்கும்."

"புதுசா நீ பூட்டினது தாங்கும்ல?"

"தாங்கும் சார்" என்றது வாய். புதுச் சாவிகளைக் கிளைகளுக்கு எப்படி அனுப்பினான்? பழைய பூட்டுப் போட்ட மின்னஞ்சலில். 'ரகசியங்கள் வழக்கமான வழியில் மட்டுமே' என்று விதி இருந்தது. அவன் சமர்த்தாகக் கீழ்ப்படிந்திருந்தான். பழையது உடைந்தால் புதுச் சாவி தானாகவே வெளியே விழும்.

முப்பத்தோராவது கோப்பு அவன் அக்கா. கும்பல் தலைவன் ஒருவனை நீதிமன்றத்தில் கைகாட்டிச் சிறைக்கு அனுப்பியவள். அவளைக் காப்பதற்காகவே, உறவை மறைத்து இந்த வேலையில் சேர்ந்திருந்தான்.

மேலாளரிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு, போனைத் தொடாமல் மூன்று பேருந்து மாறி அக்கா வீட்டுக்குப் போனான். பின்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே முகமாக இருந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் அக்கா.

"வீடு மாறணும்க்கா."

"இப்பத்தான்டா பாப்பாவுக்கு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா. ஏன், கண்டுபிடிச்சிட்டானா?"

"இன்னும் இல்ல. அஞ்சு வருஷமாகலாம், பத்தாகலாம்."

அக்கா சிரித்துவிட்டாள். "பத்து வருஷம் கழிச்சு வரப்போற திருடனுக்கு இன்னிக்கே மூட்டை கட்டணுமா?"

"நீ மாறினாத்தான் அந்த விலாசம் செல்லாக்காசாகும். பூட்டை நம்ப முடியாது."

"அவன் எப்ப ஜெயில்லேருந்து வர்றான்?"

"இன்னும் எட்டு வருஷம்."

சிரிப்பு நின்றது. அவன் வெளியே வரும்போது பாப்பாவுக்குப் பதினான்கு வயதாகியிருக்கும். அக்கா விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டாள். எழுந்து போய்த் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்தினாள்.

"புது விலாசத்தை உனக்கு எப்படிடா சொல்றது?"

"சொல்லாதே. எனக்குத் தெரிஞ்சா எங்கயாவது எழுதி வச்சிடுவேன்."

"அப்ப நீ எப்படி வருவே?"

அவன் குனிந்து செருப்பு வாரை மாட்டப் பார்த்தான். அது நுழையவேயில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல மாட்டிவிட்டாள்.