பிறந்த வீட்டுப் பெயரில்

வின்னிபெக்கில் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்வேன். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குக் குடியேற்றப் படிவங்கள் நிரப்பித் தருவேன். கூலி கிடையாது. யாராவது வீட்டிலிருந்து நூடுல்ஸ் செய்து கொண்டுவருவார்கள், அவ்வளவுதான்.

லுவால்ஹாத்தி பல்தோசாவை ஆறு வருடமாகத் தெரியும். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பாடல் குழுவில் என் பக்கத்தில் நிற்பாள். நாற்பதை நெருங்கியும் கல்யாணமாகாதவள் என்று எல்லோரும் அவளைக் கேலி செய்வோம். அதிகம் செய்தவள் நான்தான்.

ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு ஃபாரம் நிரப்பணும்."

"என்னடி, மாப்பிள்ளை அமைஞ்சுட்டானா? அந்த பஸ் டிரைவரா?"

அவள் சிரிக்கவில்லை. ஒரு பிறப்புச் சான்றிதழை மேசையில் வைத்தாள். லிகாயா பல்தோசா காட்டிக்பாக், பெண். எங்கள் வழக்கத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பிள்ளைக்கு நடுவில் வரும், தகப்பன் பெயர் கடைசியில்.

"யாரு இது, உன் தங்கச்சி பொண்ணா?"

"என் பொண்ணுக்கா. பதினாலு வயசு."

சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்த்தேன். அவளே சொன்னாள். லிபா ஊரில் ரோடெல் காட்டிக்பாக் என்ற வெல்டிங்காரனை இருபத்திமூன்று வயதில் கட்டிக்கொண்டாள். பிள்ளைக்கு மூன்று வயதானபோது வீட்டு வேலைக்கு ஹாங்காங் போனாள். அங்கிருந்து கனடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஏஜென்ட் அம்மாவிடம் போனாள். கல்யாணத்துக்குப் பிறகும் பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயரை மாற்றாமலே இருந்தாள்.

"அந்தம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்துட்டு, 'நல்லதாப் போச்சு, கல்யாணமானவங்களை அங்க எடுக்க மாட்டாங்க. இந்தப் பேரே இருக்கட்டும். உனக்குப் புருஷனும் இல்ல, பிள்ளையும் இல்ல, புரியுதா?'ன்னாங்க. நானும் தலையாட்டினேன். அப்புறம் இங்க நிரந்தரமாத் தங்க எழுதிக்கொடுக்கிறப்பவும் அதையே எழுதிட்டேன். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயம்."

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களும் இதே வழியாத்தானே வந்தீங்க. எந்தப் பேர்ல வந்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் பேர்ல. ரெண்டு பசங்களையும் எழுதித்தான் கொடுத்தேன்."

"அப்படின்னா... எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க லுவா."

அவள் கையுறைகளை மாட்டினாள், கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள். "சும்மாவே மறைச்சிருக்கேன்," என்றாள்.

குடியேறும்போது காட்டாத பிள்ளையைப் பின்னால் அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. கருணை மனு ஒன்றுதான் வழி. உண்மையைச் சொன்னால் அவள் இங்கே இருப்பதற்கே ஆபத்து வரலாம் என்பதையும் சொன்னேன். அன்றே ரோடெலைக் கூப்பிட்டுப் பேசினாள். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"உன் தங்கச்சி பொண்ணுன்னு பேப்பர் ரெடி பண்ணிடலாம். நீ தத்தெடுக்கிற மாதிரி காட்டிடு. ஊர்ல எத்தனை பேர் பண்றாங்க!"

"பெத்த பிள்ளையை நான் தத்தெடுக்கணுமா? ஒருதடவை அவளை இல்லேன்னு எழுதினது போதும். போனை வை."

நாங்கள் இருவரும் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து மனுவை எழுதினோம். வேறு பெயர் உண்டா என்ற கட்டத்தில் லுவால்ஹாத்தி காட்டிக்பாக் என்று தன் கையாலேயே எழுதினாள். கல்யாணமான பிறகு அந்தப் பெயரை எழுதுவது அதுதான் முதல் தடவை. ஒரு எழுத்து பிசகி, அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

பதில் வர பதினாறு மாதமானது. அவளை வெளியேற்றவில்லை. ஆனால் மகள் தகப்பனோடும் உறவினரோடும் நலமாக இருக்கிறாள், தாயைப் பிரிந்து வாழப் பழகியவள், எனவே மனு ஏற்கப்படவில்லை என்று இருந்தது. அந்த வரியை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. "பழகியவள்," என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் மகளைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அழவுமில்லை, கத்தவுமில்லை. "அப்ப அந்தப் பேப்பர்ல நான் எங்க இருந்தேன்மா?" என்று மட்டும் கேட்டாளாம். பாடல் குழுவில் என் பக்கத்தில் நின்றுகொண்டு லுவா இதைச் சொன்னாள். அன்று நாங்கள் இருவருமே பாடவில்லை.

அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு லிபாவுக்குப் போனாள். பன்னிரண்டு வருட அலைச்சலை இப்படி உதறலாமா, இரண்டு மாத விடுப்பில் போய் வா என்று நான் சண்டை போட்டேன். "அவ கேட்டதுக்கு இங்கேருந்து பதில் சொல்ல முடியாதுக்கா," என்றாள்.

முதல் சில மாதங்கள் அவள் போன் செய்தாலே எனக்குப் பயமாக இருக்கும். விமான நிலையத்தில் மகள் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்து, "பயணம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் தன் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டாள். சாப்பாட்டில் நல்ல துண்டை அம்மாவின் தட்டில் வைக்கிறாள். எதைச் சொன்னாலும் சரிங்க என்கிறாள்.

"நல்லா வளர்த்திருக்காங்கக்கா. விருந்தாளியை எப்படிக் கவனிச்சுக்கணுமோ, அப்படிக் கவனிச்சுக்கிறா. ராட்சசி மாதிரி கத்தினாக்கூடத் தாங்கிக்குவேன்."

அவள் போன ஆறாம் மாதம் ஒரு நாள் காலையில், நான் காரின் மேல் கிடந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எதிர்முனையில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"என்னாச்சு லுவா? பிள்ளை நல்லா இருக்காளா?"

"பள்ளிக்கூட டூருக்குப் போகக்கூடாதுன்னேன்கா. 'இத்தனை வருஷம் எங்க போயிருந்தே? இப்ப வந்து எனக்குச் சட்டம் பேசறியா?'ன்னு கத்திட்டு, கதவை அறைஞ்சு சாத்திட்டா. நீ, வா, போன்னு பேசறாக்கா! சுவர்ல மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்துடுச்சு."

"இப்ப எங்க இருக்கா?"

"உள்ளேதான். திறக்க மாட்டேங்கிறா. நான் கதவுக்கு வெளியே தரையில உட்கார்ந்திருக்கேன்."

"எழுந்திரிச்சுப் போய் ஏதாவது சாப்பிடு."

"இல்லக்கா. அவ திறக்கிறப்ப நான் இங்க இருக்கணும்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.