தாழ்ப்பாள் திறந்துவிட்ட பக்கம்

என் மகளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை. தாழ்ப்பாளின் மகன்தான் கிடைத்தான்.

பந்தை உதைத்துச் சம்பளம் வாங்கிய காலத்தில் நான் முன்கள ஆட்டக்காரன். கோல் போடுவது என் வேலை, அதைத் தடுப்பது தாழ்ப்பாளின் வேலை. லீக்கில் ஒரு அணி பாக்கியில்லாமல் எல்லாருக்கும் தண்ணி காட்டினேன். அவனிடம் மட்டும் என் பருப்பு வேகவில்லை. அவன் நிற்கும் பக்கம் கதவு திறக்காது என்றுதான் ரசிகர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள்.

பெரிய உடம்பா என்றால் அதுவும் இல்லை. இரண்டு முறை உடைந்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்த மூக்கு. ஓட்டத்தில் என்னைவிட மெதுவு. ஆனால் நான் போகப்போகும் இடத்துக்கு எனக்கு முன்பே போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நிற்பான். காலை வாரமாட்டான், சட்டையைப் பிடித்து இழுக்கமாட்டான். மற்ற தடுப்பாட்டக்காரர்கள் என் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். இவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு, "நல்லா ஓடுனீங்க" என்பான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது வேறெப்படி இருக்கும்?

அதையெல்லாம்கூட மறந்திருப்பேன். அந்த இறுதியாட்டத்தைத்தான் மறக்க முடியவில்லை.

வலதுகால்காரனை இடது பக்கம் தள்ளு, நல்ல காலுக்குப் பந்து போகவிடாதே. இது தடுப்பாட்டக்காரனுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அன்றைக்குத் தாழ்ப்பாள் அதைத் தலைகீழாகச் செய்தான். இடது பக்கத்தைச் சுவர் மாதிரி அடைத்துக்கொண்டு, வலது பக்கத்தை எனக்குத் திறந்துவிட்டான். "இப்படி வாங்க. தாராளமா வாங்க" என்று கையை வேறு காட்டினான். எனக்கு ஏறியதே கோபம்! போனேன், போய்ப் போய் அடித்தேன். தொடையால் தடுத்தான், நெஞ்சால் தடுத்தான், ஒருமுறை மூஞ்சியையே கொடுத்துத் தடுத்தான். ஒரு கோல் விழவில்லை. கடைசியில் பெனால்டியில் என் கூட்டாளிகள் போட்ட கோல்களால் கோப்பை எங்களுக்கு வந்தது. ஆனால் என் மானம் கப்பலேறிவிட்டது. நல்ல கால் பக்கத்தைத் திறந்துவிட்டும் கோல் போடத் தெரியாதவன் என்று மறுநாள் பத்திரிகையில் எழுதினார்கள். உன் நல்ல காலும் எனக்கு ஒன்றுதான் என்று ஊர் பார்க்க என்னை நக்கலடித்தான் என்றே நினைத்தேன். அந்தப் பகை இருபது வருடமாக அப்படியே இருந்தது.

இப்போது அவன் மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நிற்கிறாள் என் பெண்.

"உங்க மனசு வராம நான் பண்ணிக்க மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் திட்டியாவது இருப்பேன்.

என் மனைவி சும்மா இருப்பாளா? "பந்துல தோத்ததுக்குப் பொண்ணு வாழ்க்கையில கோல் போடப் பாக்குறீங்க" என்றாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதில் அவளுக்கு நிகர் அவள்தான். "வரட்டும், மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லி அனுப்புறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாழ்ப்பாளும் அவன் மனைவியும் வந்தார்கள். பையனுக்கு அன்று வேலை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். அவனுக்குத் தலை நரைத்திருந்தது, மூக்கு மட்டும் அதே சாய்வு. உள்ளே வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு, நலம் விசாரிப்பதற்குப் பதிலாக,

"இத்தனை படி ஏறி இறங்குறீங்களே, முட்டி தாங்குதா?" என்றான்.

"எந்த முட்டி?"

"வலது முட்டி."

நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேன். இறுதியாட்டத்துக்கு முன்பே அந்த முட்டி கெட்டிருந்தது. காலையில் டாக்டர் ரகசியமாக ஊசி போட்டுத்தான் இறக்கிவிட்டார். வலது காலை ஊன்றி இடது பக்கம் சடாரென்று திரும்பினால் அதோடு தொழிலே போச்சு என்று எச்சரித்திருந்தார். சீசன் முடிந்ததும் லீவு என்று சொல்லி வெளியூர் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன். கோச்சுக்குத் தெரியாது, என் மனைவிக்கே பிறகுதான் தெரியும்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஆட்டத்துக்கு முன்னாடி ஷூ லேஸ் கட்டுனீங்க. எப்பவும் முட்டி போட்டுக் கட்டுவீங்க. அன்னைக்குத் தரையில உக்காந்து வலது காலை நீட்டிக் கட்டுனீங்க. ஆளைப் பாக்குறதுதானே என் பொழப்பு?"

எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. இடது பக்கம் போயிருந்தால் அந்தக் காலை ஊன்றித் திரும்பியிருப்பேன். எனக்கு இருந்த வெறியில் டாக்டர் சொன்னதா ஞாபகம் இருக்கும்? அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு, நேராக ஓடும்படி வலது பக்கத்தைத் திறந்துவிட்டிருக்கிறான். என் முழு பலத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு, அதையும் தடுத்திருக்கிறான்.

"ஏங்க, அதோட விட்டாரா உங்களை உங்க கோச்சு?" என்று அவன் மனைவி குறுக்கே வந்தாள். "கோப்பை போனதுக்கு யார் மேலயாவது பழி போடணுமே. வலதுகால்காரனுக்கு வலது பக்கத்தைத் திறந்துவிட்டியே, உனக்கு மூளை இருக்கான்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. இந்த மனுஷன் வாயில கொழுக்கட்டை. அடுத்த சீசன் இவரைச் சின்ன அணிக்குத் தள்ளிட்டாங்க. கடைசி வரைக்கும் ஒரு கோப்பையைக் கையால தொடல."

"கோச் கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லியிருந்தா வேற யாராவது அந்த முட்டியில மிதிச்சிருப்பாங்க." பிறகு சிரித்தான். "கோலைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். காலை உடைக்க இல்லையே. அதுவும் போக, முட்டி போன ஆளைத் தடுத்தேன்னு சொல்லிக்கிட்டா எனக்கென்ன மரியாதை?"

இனி அவன் இவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில் அந்தக் கோப்பையோடு நான் பல்லிளித்துக்கொண்டிருக்கும் படம் தொங்கியது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். "நல்ல ஆட்டம்" என்றார். பொறாமை இருக்கிறதா என்று அந்த முகத்தில் தேடினேன். மருந்துக்குக்கூட இல்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு நான் எத்தனையோ வருடம் ஓடினேன். உட்கார்ந்திருக்கும் இந்த வீடு அந்த ஓட்டத்தில் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது, இப்படிப்பட்ட ஆளோடு மோதியிருக்கிறேனே என்று.

தேநீர் குடித்தார்கள். கல்யாணப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். இருபது வருடக் கோபத்தை ஒரு தேநீர் நேரத்தில் இறக்கிவைக்க எனக்குத் தெரியவில்லை. கிளம்புகிறோம் என்று எழுந்தபோது, சமையலறை வாசலில் என் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருங்க, நானும் கீழ வரேன்" என்றேன்.

"நீங்களா? படியிறங்கியா?" என்றாள் மனைவி. யார் வந்தாலும் வாசலோடு வழியனுப்புகிறவன் நான்.

முதல் படியிலேயே முட்டி சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் யாரிடம் மறைக்கிறேன்? முன்னால் போனவர் நின்று, எனக்கு வலது பக்கமாக வந்து தோளைக் கொடுத்தார்.

"சாஞ்சுக்கோங்க. தாராளமா வாங்க."

அதே குரல், அதே வார்த்தை. கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க வழக்கம்போல் எரிந்து விழுந்தேன்.

"அன்னைக்கும் விடல, இன்னைக்கும் விடமாட்டேங்குறீங்களே, சம்பந்தி!"

மேலே வாசலில் என் பெண் "அப்பா!" என்று கத்தினாள். சம்பந்தி என் எடை முழுவதையும் தோளில் வாங்கிக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தார்.