சாய்த்து வைத்த மேஜை

மாமனார் ஆட்டத்தில் தோற்ற நாளில் அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. தோற்பவர் ஒருவர், பட்டினி எல்லோருக்கும் என்று மருமகன் மனசுக்குள் சொல்லிக்கொள்வான். வெளியே சொல்லமாட்டான். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனுக்கு வாய் எதற்கு? சாப்பிடவும், "சரிங்க மாமா" சொல்லவும் போதும்.

ஆட்டம் என்றால் பில்லியர்ட்ஸ், மேஜைமேல் வெள்ளைப் பந்தைக் கம்பால் அடித்து மற்றப் பந்துகளை விளிம்பிலுள்ள பைகளில் விழவைக்கிற ஆட்டம். மாமனார் பஸ் ஓட்டிய காலத்தில் டெப்போவுக்குப் பக்கத்து கிளப்பில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. கிளப்பை இழுத்து மூடியபோது ஒரு மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் போட்டுவிட்டார். அறை மேஜையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உள்பக்கக் கோடி சுவரோடு ஒட்டிக்கொண்டது. அங்கே நின்று கம்பைப் பின்னுக்கு இழுத்தால் முழங்கை சுவரில் இடிக்கும். அதனால் அந்த வீட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டானது. எல்லோரும் வாசல் பக்கம் நின்றுதான் அடிக்கவேண்டும். வெள்ளைப் பந்து சுவரோரம் போய் நின்றுவிட்டால், கையால் எடுத்து வாசல் பக்கம் வைத்துக்கொள்ளலாம். வேறெங்காவது போய் இப்படி ஆடினால் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் எங்கே வேறிடம் போகப் போகிறார்கள்?

மாமனாருடன் தினமும் சாயங்காலம் ஆடுவது மருமகனின் வேலை. ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்த வாய் காய்வதற்குள் "என்ன ஆபீசர், வர்றீங்களா, பயமா?" என்று கூப்பிடுவார். அவன் ஆபீசர் இல்லை, குமாஸ்தா. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிக் கூப்பிடுவார்.

பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் சும்மா உட்காரவில்லை. பள்ளிக்கூட வேன் ஒன்றை ஓட்டினார். தெருப் பிள்ளைகள், கூடவே பேத்தி பாப்பா, எல்லோரையும் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் கொண்டுவந்து விடுவார். அந்த வேனில் ஏறி உட்கார்ந்தால்தான் தானும் ஒரு மனுஷன் என்பது அவர் நினைப்பு. அதில் தப்பும் சொல்லமுடியாது.

அப்படிப்பட்டவர் திடீரென்று தவறவிட ஆரம்பித்தார். நேர் எதிரே, குழந்தை தள்ளினாலும் பையில் விழுகிற பந்துகள் விளிம்பில் தட்டி நின்றன. முதலில் துணியைக் குற்றம் சொன்னார். அழுக்கு, பந்து ஓடமாட்டேன் என்கிறது என்றார். மருமகன் பிரஷ் வாங்கி வந்து பச்சைத் துணியை ஒரே திசையில் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்தான். பிறகு கம்பின் முனைத் தோல் தேய்ந்துவிட்டது என்றார். போனில் வீடியோ பார்த்துப் பழைய தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதை ஒட்டிக் கொடுத்தான். பிறகு கம்பே கோணல் என்றார். அதைத் தரையில் உருட்டிக் காட்டினான். அது சமர்த்தாக உருண்டது. அப்படியும் புதுக் கம்பு வந்தது. அடுத்து விளிம்பு ரப்பர் செத்துப்போச்சு என்றார். மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து எல்லா போல்ட்டையும் முறுக்கினான், சட்டையெல்லாம் தூசி. மேலே நின்றபடி அவர், "ஆபீசருக்கு இப்பதான் ஒரு உருப்படியான வேலை கிடைச்சிருக்கு" என்றார்.

கடைசியாக மேஜை சாய்ந்திருக்கிறது என்றார். அதில் உண்மை இருந்தது, கொஞ்சம். மருமகன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, வேனிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்து, கால் காலாகத் தூக்கி அட்டை வைத்துச் சமமாக்கினான். ரசமட்டத்துக் குமிழி எந்தப் பக்கம் வைத்தாலும் நட்டநடுவில் நின்றது. வெள்ளைப் பந்தை மெதுவாக உருட்டினான். நூல் பிடித்த மாதிரி போனது.

மாமனார் அடித்தார். பந்து பைக்கு வலப்பக்கம் தட்டியது. இன்னொன்று. அதுவும் வலப்பக்கம். அதே இடத்திலிருந்து மருமகன் அடித்தபோது பந்து பையில் விழுந்தது. அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. ஒரு மேஜை எல்லோருக்கும்தானே தப்பாக ஓடவேண்டும்? அன்று சாப்பிடும்போது பார்த்தான். மாமனார் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். "யார் இங்க டம்ளரை நகர்த்துனது?" என்று பேத்தியை அதட்டினார்.

மனைவியிடம் சொன்னான். கோளாறு மேஜையில் இல்லை, அப்பாவின் கண்ணில் என்றான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், நல்லவேளை, கண் டாக்டரிடம் நாள் வாங்கினாள். அப்பாவிடம் சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வந்தது வினை. அந்த வாரம் முழுக்க வீடு நரகம். பாத்திரம் வைக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், "என்னைக் குருடனாக்கிட்டு வீட்டை ஆளலாம்னு பாக்குறான்" என்று சுவரைப் பார்த்துப் பேசும் பேச்சு.

இங்கேதான் மருமகன் புத்தி கெட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் தூங்கும்போது மறுபடி ஜாக்கியை எடுத்தான். மேஜையின் வலப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் கூடுதலாக அட்டை வைத்தான். பந்து இடது பக்கமாக இழுத்துக்கொண்டு வரட்டும். கிழவரின் தப்பும் மேஜையின் தப்பும் ஒன்றை ஒன்று தின்று போகட்டும். எல்லோரும் ஒரே பக்கம் நின்று அடிக்கிற வீடு என்பதால் அது பலிக்கும். டாக்டரைப் பார்க்கும் நாள்வரை வீட்டில் நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிடலாம். அவன் வேண்டியது அவ்வளவுதான்.

பலித்தது. பிரமாதமாகப் பலித்தது. மாமனார் மெதுவாகத் தள்ளிய பந்துகள் வளைந்து வந்து பையில் விழுந்தன. அவர் சிரித்தார். மகளைக் கூப்பிட்டு நிற்கவைத்து அடித்துக் காட்டினார். மருமகன் கைதட்டினான், வெட்கமில்லாமல் தட்டினான். "மேஜையைச் சரி பண்ணிட்டான்ல என் மாப்பிள்ளை" என்று முதல் முறையாக அவனை மாப்பிள்ளை என்றார். அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டரைப் பார்க்கவேண்டிய நாளன்று மாமனார் போகவில்லை. கண் கெட்டவன் இப்படிப் பந்து போடுவானா என்று கேட்டார். மனைவியும் அதையே கேட்டாள்.  மருமகன் அட்டை விஷயத்தை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். அடுத்த வாரமும் அதையே நினைத்தான்.

பிறகு, அவன் ஆபீசுக்கு லீவு போட்டிருந்த ஒரு நாள், பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னது. வலப்பக்கம் ஒரு சைக்கிள்காரர் வந்ததைத் தாத்தா பார்க்கவே இல்லையாம். வேனில் எல்லோரும் கத்தினார்களாம். சைக்கிள்காரர் சாக்கடையோரம் விழுந்து, எழுந்து திட்டினாராம். "நான்தான்பா முதல்ல கத்தினேன்" என்று பெருமையாகச் சொன்னது.

அன்று சாயங்காலம் மருமகன் ஆடப் போகவில்லை. மனைவியையும் மாமனாரையும் முன்னறையில் நிற்கவைத்தான். ஜாக்கியைப் போட்டு, அவர்கள் கண்ணெதிரே வலப்பக்கத்து அட்டைகளை உருவிக் கீழே போட்டான். ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவுக்கு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கம்பை மாமனாரிடம் நீட்டி, இப்போது அடியுங்கள் என்றான்.

அவர் அடித்தார். வலப்பக்கம். அடித்தார். வலப்பக்கம். மூன்றாவதற்குக் குனிந்தார், அடிக்கவில்லை. கம்பை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று அவன் நினைத்திருந்தான். அவர் கோபமே படவில்லை.

"இப்ப எந்தப் பக்கம் அட்டை வச்சிருக்க?" என்றார்.

மருமகன் பந்தை உருட்டிக் காட்டினான். நேராகப் போனது.

"சாய்ச்சு வைக்கத் தெரிஞ்சவனுக்கு நேரா உருட்டிக் காட்டவா தெரியாது?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையில் கிடந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சிரித்த சிரிப்பெல்லாம் அந்த அட்டைகளில்தான் இருந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் எதையும் புரிந்துகொள்ள அவள் தயாராக இல்லை.

"கை தட்டினீங்களே" என்றாள். "அவரைப் பொம்மை மாதிரி ஆடவிட்டு, நின்னு கை தட்டினீங்களே. இனிமே நீங்க சொல்றதுல எதை நான் நம்புறது?"

பாப்பா சொன்ன சைக்கிள்காரரைப் பற்றிச் சொன்னான். குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான் என்றார் மாமனார். பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணுவேன் என்றான். அவள் நிதானமாக, பண்ணுங்க, அந்த வேனை அவர்கிட்டேருந்து பிடுங்குங்க, அப்புறம் உங்களுக்கு இந்த வீட்டில் வேலையில்லை என்றாள். மாமனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றும் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் வேன் வழக்கம்போல வாசலில் நின்றது. உள்ளே பிள்ளைகள் கூச்சல். பாப்பா ஓடப் பார்த்தது. மருமகன் அதன் கையைப் பிடித்து நிறுத்தினான். பாப்பா இன்றைக்கு வரவில்லை என்றான். அந்த அளவுக்குத்தான் அவனால் முடிந்தது. மாமனார் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி வாசற்படியில் நின்றாள்; தடுக்கவில்லை.  அப்படியானால் அப்பாவின் கண்ணைப் பற்றி அவளுக்கும் தெரியும்.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா தன் இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன தம்பி, பாப்பா கிளம்பலையா? என்னாச்சு?"

வேன் ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். சொல்லவேண்டியது நாக்கு நுனியில் நின்றது. நாலே வார்த்தை. முதுகுக்குப் பின்னால் மனைவி நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

"காய்ச்சல்க்கா" என்றான்.

அக்கா குனிந்து பாப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். சுடவில்லையே என்றாள். இப்போதுதான் விட்டிருக்கிறது என்றான். பாப்பா அண்ணாந்து அப்பாவைப் பார்த்தது.

"பார்த்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா பெரியவளைப் பின்னால் ஏற்றினாள். முன் சீட்டு பாப்பாவுடையது, இன்றைக்குக் காலி. சின்னவளைத் தூக்கி அதில் உட்காரவைத்தாள். எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த இடமாம். அதற்கு ஒரே சந்தோஷம். வேன் நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டாட்டா காட்டியது. மருமகனும் கையைத் தூக்கி டாட்டா காட்டினான்.